மடங்கும் வண்டியும் மடங்காத சக்கரமும்



சென்ற மாதம் இப்பகுதியில் ரயில் மாதாந்திரச் சீட்டைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த அம்மையார் ஒருவர், சங்கக் கூட்டம் முடிந்து படியிறங்கும் வேளையில் என்னை நிறுத்தினார்.

"தம்பி, சீட்டுக் கதை இருக்கட்டும். என் மகன் கல்லூரிக்குப் போக ஒரு சைக்கிள் கேட்கிறான். அது இரண்டாக மடிகிறதாம். ரயிலிலேயே தூக்கிக்கொண்டு போகலாமாம். அதிலும் 'பிக்ஸட் கியர்' என்று ஏதோ ஒன்று வேண்டும் என்கிறான். பிரேக் எதற்கு, காலாலேயே நிறுத்தலாம் என்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா, கூடாதா? நீங்கள் ரயில்வேக்காரர், நீங்கள் சொன்னால் கேட்பான்" என்றார்.

ரயில்வேக்காரன் சொல்லும் நேரத்துக்கு வண்டி வரும் என்பதையே இந்நாளில் எவரும் நம்புவதில்லை. அங்ஙனமிருக்க, கல்லூரிப் பிள்ளை என் சொல்லைக் கேட்பான் என்று அந்தத் தாய் நம்பியது எனக்குப் பெருமையாகவும் இருந்தது; அச்சமாகவும் இருந்தது. "அடுத்த இதழில் எழுதுகிறேன், அக்கா" என்று சொல்லி வந்தேன். அவர் கேட்ட அதே வகை வண்டி ஒன்று, எட்டு மாத காலம் பெருங்கடவிளையில் எங்கள் வாடகை வீட்டுத் திண்ணையில் குடியிருந்தது. ஆகையால் இது கேள்வி ஞானம் அன்று, பட்டறிந்த செய்தி.

முதலில் அந்த இரு சொற்களையும் தெளிவாக்கிக்கொள்வோம்.

நம் வீட்டுச் சாதாரண சைக்கிளில் பின்சக்கரத்துப் பல்லுக்குள் 'பிரீவீல்' என்ற ஓர் அமைப்பு உண்டு. நாம் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தன்போக்கில் உருளும், கால் ஓய்வெடுக்கும். இறக்கத்தில் 'டிக் டிக்' என்று கேட்கும் ஒலி அதனுடையதே. பிக்ஸட் கியர் என்பது அந்தப் பிரீவீல் இல்லாத வண்டி. பின்பல் சக்கரத்தின் ஹப்போடு இறுக்கிப் பூட்டப்பட்டிருக்கும். சக்கரம் சுற்றினால் பெடல் சுற்றும். பெடல் நின்றால் சக்கரம் நிற்கும். பின்னோக்கி மிதித்தால் வண்டியே பின்னோக்கிச் செல்லும். வண்டி உருளும் வரையில் காலுக்கு ஓய்வு என்பது இல்லை.

இது புதுமை என்று இளைஞர்கள் எண்ணுகிறார்கள். உண்மையில் இதுவே பழமை. 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர், இன்றைய சைக்கிளின் தந்தை எனத் தக்க 'ரோவர்' வண்டியைச் செய்தபோது அதில் பிரீவீல் இல்லை. ஏறக்குறைய 1900-ஆம் ஆண்டை ஒட்டித்தான் பிரீவீல் பரவலாயிற்று. நம் பாட்டனார் காலத்தவர் 'அப்பாடா' என்று விட்டுத் தொலைத்ததை, நம் பிள்ளைகள் நாகரிகம் என்று தேடி எடுத்திருக்கிறார்கள்.

மடக்கு சைக்கிளும் நேற்றுப் பிறந்ததன்று. 1890-களிலேயே பிரெஞ்சு இராணுவம் மடியும் சைக்கிளைச் சோதித்துப் பார்த்தது. இரண்டாம் உலகப் போரில் பி.எஸ்.ஏ. நிறுவனம் ஆங்கிலேய வான்குடைப் படையினருக்காக நடுவே மடியும் சைக்கிளைச் செய்தது. சிறகுத் திருகு இரண்டைத் தளர்த்தினால் வண்டி இரண்டாக மடியும். 1944-இல் நார்மண்டிக் கரையில் இறங்கிய படைகளிடமும் அவ்வண்டிகள் இருந்தன. அதே பி.எஸ்.ஏ. பெயரைத் தாங்கிய சைக்கிள்களைப் பிற்காலத்தில் நம் சென்னையை அடுத்த அம்பத்தூரில், 1949-இல் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் செய்து நம் ஊர்களுக்கெல்லாம் அனுப்பியது. இன்றைய சிறு சக்கர மடக்கு வண்டிகளுக்கு வழி வகுத்தவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். ஒருவர், 1970-களில் லண்டனில் தம் அறையிலேயே வடிவமைத்து, சன்னலுக்கு எதிரே தெரிந்த தேவாலயத்தின் பெயரால் 'பிராம்ப்டன்' எனப் பெயரிட்ட ஆண்ட்ரூ ரிட்சி. மற்றவர், அமெரிக்காவில் லேசர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்து, அதை விட்டுவிட்டு 1982-இல் 'டாஹோன்' நிறுவனத்தைத் தொடங்கிய டேவிட் ஹான்.

பழைய சக்கரத்தையும் மடியும் சட்டத்தையும் ஒன்றாக இணைத்தால் நேர்வது என்ன? அதுவே நம் கேள்வி.

என் மைத்துனன் திருவனந்தபுரத்தில் கணினி நிறுவனம் ஒன்றில் பணியாற்றி வந்தான். 20 அங்குலச் சக்கரம் கொண்ட மடக்கு வண்டி ஒன்றை வாங்கி, அதன் பிரீவீலைக் கழற்றிவிட்டுப் பிக்ஸட் பல் பூட்டி வைத்திருந்தான். பெங்களூருக்கு வேலை மாறியபோது, "அத்தான், இதை நீங்கள் ஓட்டுங்கள். உங்கள் ரயிலுக்கும் இதற்கும்தான் பொருத்தம்" என்று திண்ணையில் சாய்த்துவிட்டுப் போனான்.

எங்கள் ஊரிலிருந்து நெய்யாற்றின்கரை நிலையம் ஏறக்குறைய ஏழெட்டுக் கிலோமீட்டர். 1888-இல் ஸ்ரீ நாராயண குரு சிவலிங்கம் நிறுவிய அருவிப்புரம் எங்களுக்கு அருகிலுள்ளது. நெய்யாற்றை ஒட்டிய இப்பக்கத்து நிலம் சமதளம் அன்று. ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே ஏறும், இறங்கும், வளையும். 1979-இல் திருவனந்தபுரம் கன்னியாகுமரிப் பாதை திறக்கப்பட்டதால் ரயில் எங்களுக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது. ஆனால் வீட்டிலிருந்து நிலையத்துக்கும், அங்கே இறங்கியபின் அலுவலகத்துக்கும் செல்லும் வழிதான் நாள்தோறும் நம்மை வாட்டுவது. பேருந்து வந்தால் ரயில் போயிருக்கும். ரயில் வந்தால் பேருந்து போயிருக்கும். இரு முனையிலும் கூட வரும் ஒரு வண்டி இருந்தால் எவ்வளவு நலம்! மடக்கு சைக்கிளின் முதற் கவர்ச்சி இதுவே.

பிக்ஸட் கியரின் கவர்ச்சி வேறு. அதை நான் மழைக்காலத்தில்தான் உணர்ந்தேன். இடவப்பாதி மழையில் ரிம் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை வழுக்கும். பிரேக் பிடித்த பிறகும் வண்டி சில கஜ தூரம் நம் பேச்சைக் கேளாது. பிக்ஸட் கியரிலோ, காலின் சுழற்சியைச் சற்றே தடுத்தால் போதும், பின்சக்கரம் அந்தக் கணமே அடங்கும். மழை அதைத் தடுப்பதில்லை. ஏற்றத்திலும் ஒரு நன்மை உண்டு. பெடல் மேலும் கீழுமாக நேர்நிற்கும் இடத்தில் காலுக்கு வலுவிராது. அவ்விடத்தில் சக்கரத்தின் ஓட்டமே காலை அடுத்த சுற்றுக்குத் தள்ளிவிடும். சந்தை நெரிசலில் நடைவேகத்தில் செல்லும்போது வண்டி கால் நுனியில் அடங்கி நிற்கும்.

மடக்கு வண்டிக்கென்றே அமைந்த நன்மைகளும் சில உண்டு. பல கியர் வைத்த மடக்கு வண்டியில் கியர்க் கம்பி மடிப்பின் வழியே செல்லும். நாள்தோறும் மடித்து விரிக்கையில் அது நசுங்கும், முறுக்கிக்கொள்ளும். பிக்ஸட் கியரில் அந்தக் கம்பியே இல்லை; கியர் மாற்றும் கருவியும் இல்லை. கழன்று விழவும் பழுதுபார்க்கவும் உறுப்புக் குறைவு, எடையும் குறைவு. பெரிய சக்கர பிக்ஸட் வண்டி சிலவற்றில், மெல்லத் திரும்பும்போது முன்சக்கரம் மிதித்துக்கொண்டிருக்கும் பாதத்தில் இடிக்கும். சிறு சக்கர வண்டியில் சக்கரம் பாதத்துக்கு எட்டாது. அந்த இடையூறு இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. அவ்வண்டியில் ஏறினால் மனம் வேறெங்கும் அலையாது. இறக்கம் வருமுன் கால் அறியும். வளைவு வருமுன் முழங்கால் அறியும். அலுவலகக் கணக்கு, வீட்டு வாடகை, குழந்தையின் பள்ளிக் கட்டணம் ஆகிய யாவும் அந்த நாற்பது நிமிடம் வழிவிட்டு நிற்கும். இளைஞர்கள் இதைத்தான் பெரிதாகச் சொல்லுகிறார்கள். அதில் பொய்யில்லை. நானும் சில வாரங்கள் அதற்கு அடிமையாகவே இருந்தேன்.

இனிக் குறைகளுக்கு வருவோம். அவற்றைக் குறை என்பதைவிட, இரு குணங்களுக்கிடையே உள்ள பிணக்கு என்பதே பொருந்தும். மடக்கு வண்டி விட்டுக்கொடுக்கும் பொருள். பிக்ஸட் சக்கரம் விட்டுக்கொடாத பொருள்.

முதலாவது, செயின். பிக்ஸட் கியரில் செயின் மேற்புறமும் கீழ்ப்புறமும் தொய்வின்றி அளவாக இழுத்து நிற்க வேண்டும். முன்னோக்கி மிதிக்கும்போது மேற்செயின் இழுபடும். கால் தடுக்கும்போது கீழ்ச்செயின் இழுபடும். சில மடக்கு வண்டிகளில் பின்சக்கரம் அடியில் சுழன்று மடியும். அப்போது செயின் தொய்ந்துவிடும். அத்தொய்வை இழுத்துப் பிடிக்க வில் வைத்த கை ஒன்று கீழ்ப்புறம் பொருத்தியிருப்பார்கள். பிராம்ப்டன் அத்தகையது. அதில் பிக்ஸட் பல்லைப் பூட்டிக் காலால் தடுத்தால் முழு இழுப்பும் அந்த வில்லின் மேல் விழும், வில் வளைந்து கொடுக்கும், செயின் கழலும். கழன்ற செயின் பின்சக்கரத்தில் சிக்கினால் வண்டி நின்ற இடத்தில் நிற்கும். ஓட்டுகிறவர் மட்டும் நிற்கமாட்டார். டாஹோன் போல நடுச்சட்டத்தில் மடிபவற்றில் இத்தொல்லை குறைவு. முன்பல்லும் பின்பல்லும் ஒரே பாதியில் இருப்பதால், மடித்தாலும் விரித்தாலும் செயினின் நீளம் மாறுவதில்லை. மைத்துனன் கொடுத்தது இந்த இரண்டாம் வகையே. ஆதலால்தான் இன்று இதை எழுத நான் இருக்கிறேன் என்று என் மனைவி சொல்லுகிறாள்.

இரண்டாவது, வேகமும் காலும். அவ்வண்டியில் முன்பல் 52, பின்பல் 16, சக்கரம் 20 அங்குலம். கணக்குப் பார்த்தால், பெடல் ஒரு சுற்றுச் சுற்ற வண்டி ஏறக்குறைய 5.2 மீட்டர் செல்லும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் கால் நிமிடத்துக்கு 96 சுற்றுச் சுற்ற வேண்டும். ஓர் இறக்கத்தில் வண்டி 40-ஐத் தொட்டால் 128 சுற்று! பிரீவீல் வண்டியில் அவ்விடத்தில் காற்று வாங்கிக்கொண்டு இறங்கலாம். இதில் தையல் இயந்திரத்து ஊசியைப் போல் முழங்கால் துடிக்க வேண்டும். பாதம் ஒருமுறை தவறினால், சுழலும் பெடல் கெண்டைக்காலில் அடிக்கும்.

பாதம் தவறாதிருக்கப் பெடலில் வாரிட்டுக் கட்டுவது வழக்கம். ஆனால் மடக்கு வண்டியின் பெடல் பெரும்பாலும் மடியும் பெடல். வாரை உறுதியாகத் தாங்க அது செய்யப்பட்டதன்று. வாரைக் கட்டினால் பெடல் மடியாது. பெடல் மடிய வேண்டுமானால் வார் கூடாது. இஃது அடுத்த பிணக்கு.

மூன்றாவது, குழியும் மேடும். சிறு சக்கரம் குழியில் அதிகம் இறங்கும். பிரீவீல் வண்டியில் பெடல்களைச் சமமாக நிறுத்தி, உடலைச் சற்றே தூக்கி, அதிர்ச்சியைக் காலில் வாங்கிக்கொள்வோம். பிக்ஸட் வண்டியில் பெடலை நிறுத்த இயலாது. மிதித்துக்கொண்டேதான் குழியைக் கடக்க வேண்டும். வளைவில் சாயும்போதும் உட்புறப் பெடலை மேலே நிறுத்தி வைக்க வழியில்லை. அது கீழே வந்து தரையை உரசலாம். சிறு சக்கரம் தன்னளவில் குற்றமுடையதன்று. 1962-இல் அலெக்ஸ் மோல்ட்டன் என்ற ஆங்கிலப் பொறியாளர், அதிர்ச்சி தாங்கும் அமைப்பும் காற்றழுத்தம் மிகுந்த டயரும் சேர்த்தால் சிறு சக்கரமும் சொகுசாகவும் விரைவாகவும் ஓடும் என்று காட்டினார். ஆனால் அந்த அமைப்பெல்லாம் நம் கைக்கு எட்டும் விலையில் வரும் மடக்கு வண்டிகளில் அரிது.

நான்காவது, மூட்டுகள். மடக்கு வண்டியின் கைப்பிடித் தண்டு நீளமானது. அடியில் ஒரு கீல். சட்டத்தின் நடுவே ஒரு கீல். காலால் தடுத்து நிறுத்தும்போதெல்லாம் உடல் முன்னும் பின்னுமாக உந்தும்; அவ்வுந்தல் கீல்களில் போய்ச் சேரும். முதல் மாதத்திலேயே கைப்பிடி மெல்ல ஆடத் தொடங்கிற்று. கீல்களின் பூட்டை வாரந்தோறும் சரிபார்த்து இறுக்க வேண்டியதாயிற்று.

ஐந்தாவது, டயர். இளைஞர்கள் பெடலைப் பூட்டி, பின்சக்கரத்தை இழுத்துச் சறுக்கி நிறுத்துவதை வீரமாகக் கருதுகிறார்கள். இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 52-ஐ 16-ஆல் வகுத்துச் சுருக்கினால் 13-க்கு 4. ஒரே காலை முன்வைத்துச் சறுக்குகிறவனுக்கு டயரின் அதே நான்கு இடங்கள்தான் திரும்பத் திரும்பத் தேயும். 52-க்கு மாற்றாக 53 பல் வைத்தால் பதினாறு இடங்களில் பரவலாகத் தேயும். ஒரு பல் வித்தியாசத்தில் டயரின் ஆயுள் கூடுகிறது! சிறு சக்கரம் அதே தூரத்துக்கு அதிகமுறை சுற்றுவதால், அதன் டயர் இயல்பிலேயே விரைவில் தேய்வது. சறுக்காமலிருப்பதே சிக்கனம்.

ஆறாவது, மடிக்கும் வேளை. மடக்கு வண்டியை மடிக்கும்போது பெடல் ஒரு குறித்த நிலையில் நிற்க வேண்டும். இல்லையேல் தரையிலோ சட்டத்திலோ இடிக்கும். பிரீவீல் வண்டியில் பெடலைப் பின்னோக்கிச் சுற்றி வைத்துவிடலாம். பிக்ஸட் வண்டியில் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துச் சுற்ற வேண்டும். வண்டி வந்து நிற்கும் நேரத்தில் பிளாட்பாரத்தில் இந்தக் கூத்து! அரைகுறையாக மடித்துத் தள்ளிக்கொண்டு போனாலோ, சக்கரத்தோடு பெடலும் சுற்றிச் சுற்றி வரும். ஒருநாள் நெய்யாற்றின்கரையில் அப்படிச் சுற்றிய பெடல், மீன்காரப் பாட்டி ஒருவரின் கூடையைத் தட்டிவிட்டது. மீனைப் பொறுக்கிக் கொடுத்தேன். மீனுக்குரிய காசையும் கொடுத்தேன். பாட்டி காசை வாங்கிக்கொண்டு, இந்தச் சக்கரத்துக்குப் பைத்தியமா என்று கேட்டார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

ரயிலில் கொண்டுபோகலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இது என் தொழிலைச் சேர்ந்தது. ஆகவே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ரயில்வே விதிப்படி இரண்டாம் வகுப்புப் பயணி 35 கிலோ வரை கட்டணமின்றிச் சாமான் கொண்டுபோகலாம். பயணிகள் பெட்டிக்குள் வைக்கும் பெட்டி, டிரங்கு முதலியவை 100 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 25 உயரத்துக்கு மேற்படக் கூடாது. சைக்கிள், ஸ்கூட்டர் போன்றவற்றுக்கு அந்த இலவச அனுமதி இல்லை. சரி, இரண்டாக மடித்துப் பைக்குள் போட்டுவிட்டால் அது சைக்கிளா, சாமானா? பாம்பென்று அடிக்கவும் முடியாது, பழுதையென்று தாண்டவும் முடியாது. சாமான் என்றே கொண்டாலும் அளவு இடிக்கிறது. 20 அங்குல வண்டி மடித்த பிறகு ஏறக்குறைய 80-க்கு 65-க்கு 35 சென்டிமீட்டர் இருக்கும். மிகச் சிறிதாக மடிவதில் பேர்பெற்ற பிராம்ப்டனே 27 சென்டிமீட்டர் தடிப்பு. விதியைவிட 2 சென்டிமீட்டர் கூடுதல்!

ஒருநாள் பரிசோதகர் ஒருவர் என் பையைத் தொட்டுப் பார்த்து, "இது என்ன சாமான்?" என்றார். நான் அடையாள அட்டையை எடுக்கவில்லை. "மடக்கு சைக்கிள்" என்றேன். "எழுத்தர் நீங்களே சொல்லுங்கள், நான் இதை எந்தத் தலைப்பில் எழுத?" என்றார். என்னை முன்பே அறிந்தவர் போலும்! பார்சல் அலுவலகத்தில் மூன்றாண்டு இதே கேள்விகளைப் பிறரிடம் கேட்டவன் நான். கட்டணத்தைச் செலுத்திச் சீட்டு வாங்கிக்கொண்டேன். அவர் செய்தது சரியே. ஆகையால் பையனிடம் சொல்லுங்கள்: நம் ரயிலில் கொண்டுபோகுமுன் நிலையத்துச் சாமான் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிட வேண்டும். கொச்சி மெட்ரோ 2020-இல் சைக்கிளைப் பயணிகள் தம்முடன் கொண்டுசெல்ல இடமளித்தது. சிங்கப்பூரில் மடித்த வண்டி 120-க்கு 70-க்கு 40 சென்டிமீட்டருக்குள் இருந்தால் ரயிலில் ஏற்றுகிறார்கள். அங்கே உறவினர் உள்ள குடும்பங்கள் இதைக் கண்டிருக்கக்கூடும். நம் விதிப்புத்தகத்திலும் மடக்கு வண்டிக்கென்று ஒரு வரி எழுதப்பட்டால், பயணிக்கும் நல்லது; கவுண்டரில் இருக்கும் எம் போன்றோர்க்கும் நல்லது.

இவ்வளவு குறைகளையும் பொறுத்துக்கொண்டு ஏழு மாதம் ஓட்டினேன். எட்டாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

வண்டியைத் திண்ணையில் கவிழ்த்து வைத்து, மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் எதிரே உட்கார்ந்து, கையால் பெடலைச் சுற்றிக் கொடுத்தாள். சாதாரண சைக்கிளில் இதே வேலையை நூறு முறை செய்திருக்கிறோம். அவள் உற்சாகத்தில் வேகமாகச் சுற்றினாள். துணியின் முனை செயினுக்கும் பல்லுக்கும் நடுவே புகுந்தது. "நிறுத்தம்மா" என்றேன். அவள் உடனே கையை எடுத்துவிட்டாள். சாதாரண வண்டியானால் கையை எடுத்த அக்கணமே செயின் நின்றிருக்கும். இதில் நிற்கவில்லை. சக்கரம் சுற்றிய வேகம் செயினை இழுத்துக்கொண்டே போயிற்று, துணியை இழுத்தது, துணியோடு என் வலக்கை ஆள்காட்டி விரலையும் இழுத்தது. நகம் பெயர்ந்து வந்தது.

நகம் வளர்ந்துவிடும். இரண்டு வாரம் பேனா பிடிக்க இயலாமல் இடக்கையால் கையெழுத்திட்டதும் பெரிதன்று. ஆனால் அன்று இரவு தூங்கும்வரை குழந்தை, "அப்பா, நான் நிறுத்திவிட்டேன், அது நிற்கவில்லை" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவள் சொன்னது முற்றிலும் உண்மை. முந்திய வாரம் அவளும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு அந்தச் செயினைத் தனியே துடைத்துக்கொண்டிருந்தாள் என்பதை மனைவி அப்போதுதான் சொன்னாள். அந்தச் சிறு விரல்களை நினைத்து எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மறுநாள் காலை வண்டியைப் பாறசாலைப் பக்கத்துச் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் முதியவர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுபவர். கட்டுப்போட்ட விரலைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, "சாரே, இந்த வண்டி ஒரு ஆளுக்கான வண்டி. சாரின் வீட்டில் எத்தனை பேர்?" என்றார்.

அந்தக் கேள்வி என் மனத்தில் தைத்தது. நம்மைப் போல் ஊர்விட்டு ஊர்வந்து வாடகை வீட்டில் வாழும் குடும்பங்களில் எந்தப் பொருளும் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை. மடக்குக் கட்டில் பகலில் மூலையிலும் இரவில் கூடத்திலும் இருக்கும். மடக்கு நாற்காலி விருந்தினர்க்கு நாற்காலி, குழந்தைக்கு எழுதும் மேசை. சைக்கிளும் அப்படியே. நான் அலுவலகம் போவேன். மனைவி ரேஷன் கடைக்குத் தள்ளிக்கொண்டு போவாள். குழந்தை அதைச் சுற்றி விளையாடும். கவனமாக இருப்பவனுக்கு மட்டும் உதவி, கவனம் தப்பியவரைத் தண்டிக்கும் பொருளுக்குப் பந்தய மைதானத்தில் இடமுண்டு, திண்ணையில் இடமில்லை.

கடைக்காரர் ஒரு வழி சொன்னார். ஹப்பின் இருபுறமும் புரி வெட்டிய சக்கரம் கிடைக்கும். ஒருபுறம் பிக்ஸட் பல், மறுபுறம் பிரீவீல். சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டினால் வண்டியின் குணமே மாறிவிடும். அப்படியே செய்தேன். பிரீவீல் பக்கம் பூட்டி, முன்னும் பின்னும் பிரேக் வைத்து, செயினை மூடக் கார்டும் போட்டாயிற்று. விடுமுறைக்கு வந்த மைத்துனன் பெடலைப் பின்னோக்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அத்தான், வண்டியின் உயிரையே எடுத்துவிட்டீர்களே!" என்று வருந்தினான். "எடுக்கவில்லை, மாப்பிள்ளை, மறுபக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்" என்றேன்.

இனி அந்த அம்மையாருக்கு என் விடை.

மடக்கு சைக்கிள் வாங்கிக் கொடுங்கள். அது நல்ல பொருள். சட்டத்தின் நடுவே மடியும் வகையாக இருக்கட்டும். கீல்களை வாரந்தோறும் அவனே சரிபார்க்கட்டும். முதல் ஓராண்டு பிரீவீலிலேயே ஓட்டட்டும். அதற்குப் பிறகும் பிக்ஸட் ஆசை தணியாவிட்டால், இருபுறப் புரி வைத்த சக்கரம் போட்டுக்கொள்ளட்டும். செயினுக்கு மூடி கட்டாயம்.

ஆனால் பிரேக் இல்லாத வண்டி என்றால், எவ்வளவு கெஞ்சினாலும் இணங்காதீர்கள். பிரிட்டனில் பிக்ஸட் சக்கரத்தையே ஒரு பிரேக்காக விதி ஒப்புக்கொள்கிறது. ஆயினும் முன்சக்கரத்துக்கு ஒரு பிரேக் இருந்தே ஆகவேண்டும் என்கிறது. வண்டி நிற்கும்போது பாரம் முன்னோக்கிச் சாய்வதால், முன்பிரேக்குக்கே நிறுத்தும் வலிமை அதிகம். 2016-இல் லண்டனில் முன்பிரேக் இல்லாத பிக்ஸட் வண்டியில் வந்த இளைஞன் ஒருவன், சாலையைக் கடந்த பெண்மணி மீது மோதினான். அவர் இரண்டு குழந்தைகளின் தாய், பிழைக்கவில்லை. 2017-இல் அவ்விளைஞனுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தான் விழுவது பற்றி மட்டும் பேசும் பிள்ளைகள், எதிரே வருபவரைப் பற்றியும் எண்ண வேண்டும் அல்லவா?

பிரேக் இல்லாத பிக்ஸட் வண்டிக்கு உரிய இடமும் ஒன்று உண்டு. அதுவும் நமக்குத் தொலைவில் இல்லை. திருவனந்தபுரம் காரியவட்டத்தில் இலட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியில் சரிவான சுவர்போல் எழும்பிய ஓட்டத்தளம் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டுப் போட்டியின் சைக்கிள் பந்தயங்கள் அங்கே நடந்தன. அத்தளத்தில் ஓடும் வண்டிகளுக்குப் பிரேக் கிடையாது. எல்லாரும் ஒரே திசையில் ஓடுவார்கள். குறுக்கே ஆட்டோ வராது, நாய் வராது, மீன்காரப் பாட்டி வரமாட்டார். பையனுக்கு அத்தகைய வேகத்தில் உண்மையான ஆர்வம் இருக்குமானால், அவனை அங்கே ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுங்கள். நாகரிகம் என்று தொடங்கியது நல்ல விளையாட்டாக முடியலாம்.

அதற்கு முன்பு, அக்கா, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை எங்கள் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். வண்டி திண்ணையில்தான் இருக்கிறது. சக்கரத்தைப் பிக்ஸட் பக்கம் திருப்பித் தருகிறேன். ஆளில்லாத ரப்பர்த் தோட்டத்துப் பாதையில் இரண்டு பிரேக்கோடு ஓட்டிப் பார்க்கட்டும். திரும்பி வந்தபின் என் விரலையும் காட்டுகிறேன். புதிய நகம் சற்றே கோணலாக வளர்ந்திருக்கிறது. நான் சொல்லிக் கேளாததை அது சொல்லிக் கேட்பான் என்று நினைக்கிறேன்.